பேச்சுக்கு எத்தனை அங்குலம்

கண்டி மார்க்கெட் படியில் வழுக்கி விழுந்தபோது என் வலது கையில் லீக்ஸ் கட்டு இருந்தது. அதைக் கீழே போடத் தோன்றாமல் இடது கையை ஊன்றிவிட்டேன். லீக்ஸ் அன்று பின்னேரமே பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. நான் மூன்று நாள் கழித்து, மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் முழங்கை வரை பிளாஸ்டருமாகப் போனேன்.

பிளாஸ்டரை வெட்டிய பிறகு நான்கு விரல்கள் மெல்ல மெல்லத் திரும்பின. கட்டைவிரல் வரவில்லை. நேராக நிற்கும், தொட்டால் தெரியும், ஆனால் நான் சொன்ன பக்கம் வளையாது. கிளினிக்கில் எனக்குப் பயிற்சி தந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. "கொஞ்சம் கொஞ்சமா வரும் அக்கா. முழுசா வருமெண்டு நான் சொல்லமாட்டன்," என்றாள். அன்றைக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் ஒரு வருடம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று இப்போது தெரிகிறது.

நான் டவுனில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறேன். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர், எல்லாம். மவுஸ் பிடிப்பது வலது கை என்பதால் வேலைக்குக் குறையில்லை. சமைக்க முடிந்தது, துணி காயப்போட முடிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவேளை இடது கை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்கள். நானும் ஆமாம் என்றேன். போனது என்ன என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதுப் பெண், என்னால் இனிமேல் கேம் விளையாட முடியாது என்று யாரிடம் அழுவாள்?

எங்கள் வீடு பேராதனையைத் தாண்டி கலஹா போகும் பாதையில், ஒரு சரிவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். கட்டாரில் இருந்து வந்த அவருடைய கூட்டாளி ஒருவர், பாவித்த கேம் கொன்சோல் ஒன்றை எங்கள் மகளுக்காகக் கொண்டுவந்து தந்தார். மகள் கெம்பஸில் படிக்க மட்டக்களப்பு போனபோது அதை விட்டுவிட்டுப் போனாள். அவள் போன பிறகு வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஒருநாள் பின்னேரம் அவர் சும்மா அதைப் போட்டுப் பார்த்தார். நான் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்து மற்ற கொன்ட்ரோலரை எடுத்தேன். அப்படித்தான் தொடங்கியது.

கார் ஓட்டப் போட்டி. டீவி திரை இரண்டாகப் பிரியும், மேலே அவர், கீழே நான். சோறு வேகும் நேரத்துக்கு இரண்டு ஓட்டம் சரியாக இருக்கும். இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்தும் நாங்கள் அதிகம் பேசுகிற ஜோடி இல்லை. தண்ணீர் பில், மகளின் சாமான், யார் வீட்டு விசேஷம், அவ்வளவுதான். அந்த இரண்டு ஓட்டத்தில் மட்டும் நிறையப் பேசினோம். அவர் என்னை வளைவில் இடித்துத் தள்ளுவார், நான் திட்டுவேன், அவர் சிரிப்பார். அவர் அப்படிச் சிரிப்பார் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

காரைத் திருப்புவது இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சின்னக் குமிழ். பிளாஸ்டர் வெட்டிய கிழமை விளையாடிப் பார்த்தோம். என் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதி நின்றது. பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினேன், மறுபடி சுவர். மேலே அவருடைய கார் மெதுவாகி, பாதையோரத்தில் நின்று, எனக்காகக் காத்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தேன்.

மறுநாள் அவர், பகல் முழுக்க வயரைப் பார்த்துக் கண் எரிகிறது என்றார். அதற்கு மறுநாளும் கண் எரிந்தது. கிழமை முடிவில் கொன்சோல் ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றப்பட்டு அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. தூசி படுகிறது என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் செய்தி என் போனுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். புதிய வீட்டுக் கொன்சோல் ஒன்று வரப்போகிறதாம். அதன் கொன்ட்ரோலர் வழக்கமானது போல் இருக்காதாம். நடுவில் பெரிய தொடுதிரையோடு, டெப் கணினி மாதிரி இருக்குமாம். செய்தி என்று சொன்னாலும் அது செய்தி இல்லை, ஊகம். யாரோ ஒரு வரைபடத்தைக் கண்டிருந்தார்கள். வேறு யாரோ கலங்கலான ஒரு படத்தைப் போட்டிருந்தார்கள். அதை வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, தமிழில் பேசுகிற ஒருவர் இருபது நிமிடம் விளக்கினார். கம்பனி வாயே திறக்கவில்லை.

நான் அதை நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கலஹா பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்டி போய்ச் சேரும்வரை அதையேதான் பார்த்தேன். தொடுதிரை என்றால் குமிழ் வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு வலது கை விரலால் தடவினால் கார் திரும்பும். ஒருவர் திரை ஏழு அங்குலம் என்றார், இன்னொருவர் பத்து என்றார், மூன்றாமவர் எல்லாம் பொய் என்றார். நான் மூன்றாமவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் சொன்ன அளவுகளை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அப்படிப் போன நான்கு மாதமும் கைப் பயிற்சியை விடாமல் செய்ததற்குக்கூட அவர்கள்தான் காரணம். புதியது வரும்போது கை தயாராக இருக்க வேண்டும் அல்லவா.

அச்சகத்தில் கார்ட் வெட்டிக் கழித்த மட்டை நிறையக் கிடக்கும். ஒரு சாப்பாட்டு நேரத்தில் ஏழு அங்குலக் கணக்குக்கு ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் பிடி ஒட்டி, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் வேலை செய்கிற பிள்ளை பார்த்துவிட்டாள். அவள் திகனயைச் சேர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். சிங்களக் கார்டெல்லாம் அவள் பொறுப்பு. என்னவென்று கேட்டாள். மறைக்க வழியில்லாமல் முழுக்கச் சொன்னேன். படி, விரல், அலுமாரிக்கு மேல் ஏறிய கொன்சோல் வரை.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்குப் பாரமே இல்லையே அக்கா. உண்மையானது வந்தா பாரமா ஈக்கும்தானே. எங்கட நானாட்ட சொல்லிப் பலகையில செஞ்சி பாப்போம்."

அவளுடைய நானா, அதாவது மூத்த அண்ணன், திகனயில் தளபாட வேலைத்தலம் வைத்திருந்தார். அந்த மாதப் பௌர்ணமிப் போயா லீவுக்கு அவளோடு பஸ் ஏறிப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே அரைவாசி முடிந்த குசினி அலுமாரிகள் வரிசையாக நின்றன. அவர் காதில் பென்சிலோடு, ஒரு கதவுக்குத் திருப்புளியால் ஆணி முறுக்கிப் பிணைச்சல் பூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாழ்க்கையில் கேம் விளையாடாதவர். தங்கை விளக்க விளக்க, வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"இது எந்தக் கடையில ஈக்குது?" என்றார்.

இன்னும் வரவில்லை என்றேன்.

"அப்ப யாரு பாத்த?"

யாரும் பார்க்கவில்லை, பேசிக்கொள்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே என் காது சூடாகியது.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "சரி தங்கச்சி. பேச்சுக்கு எத்தன அங்குலம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அளவு கேட்டார். நான் கொப்பியைத் திறந்து காட்டினேன். ஏழை எடுப்போம் என்று அவரே முடிவுசெய்தார். வீட்டுக்குள் இருந்து பிள்ளைகள் படிக்கிற டெப்பை எடுத்துவரச் சொல்லி, முன்னால் இருந்த பலசரக்குக் கடைத் தராசில் அதை நிறுத்தார். பலகையைச் சீவி, முதுகைக் குடைந்து, அந்தப் பாரம் வரும்வரை உள்ளே இரும்புத் துண்டுகளை வைத்து மூடினார். விளிம்பு கையை வெட்டாதபடி மண்தாள் போட்டுத் தேய்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். இல்லாத ஒரு சாமானுக்கு அவ்வளவு கவனமாக யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"புடிங்க," என்றார்.

பிடித்தேன். அழகாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு நோகத் தொடங்கியது. ஐந்தாவது நிமிடம் இடது பக்கம் தானாகக் கீழே சரிந்தது. கட்டைவிரல் வளையாத கையால் எதையும் கவ்விப் பிடிக்க முடியாது. மடியில் வைத்தேன். அப்போது திரையைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது, டீவியைப் பார்த்தால் கை எங்கே படுகிறது என்று தெரியவில்லை. நான்கு மாதமாக பஸ்ஸில் பார்த்ததெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வந்தாலும் அது எனக்கானதில்லை.

பலகையை மேசையில் வைத்தேன். அவருடைய மனைவி பிளேன்டீயும் சீனிச் சம்பல் வைத்த பணிஸும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கோப்பையை வைத்த பிறகு நானா கேட்டார். "இது கையில புடிச்சே ஆகவேணுமா? புடிக்கிற வேலையப் பலக செய்யட்டும். ஒங்கட கை தள்ளுற வேலைய மட்டும் செய்யட்டும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. வீட்டில் இருக்கிற பழைய கொன்ட்ரோலரை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவரச் சொன்னார். புதியது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, பழையது எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம் என்றார்.

அதை எடுக்க வேண்டுமென்றால் அலுமாரிக்கு மேல் ஏற வேண்டும். ஒரு கையால் எனக்கு முடியாது. அன்று பின்னேரம் என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்ததும், கேம் பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன். எதற்கென்று கேட்டார். சொன்னேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். துவாயைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கண்ணு எரியல," என்றார்.

"தெரியும்."

"நீ செவத்துல போய்ப் போய் மோதுறத என்னால பாக்க முடியல. அதான் எடுத்து மேல வச்சேன். உன்கிட்ட கேட்டிருக்கணும்."

நானும் கேட்டிருக்கலாம் என்றேன். அவர் கதிரையைப் போட்டு ஏறி, பெட்ஷீட்டோடு அதை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை தானும் திகனக்கு வருவதாகச் சொன்னார்.

அன்று வேலைத்தலத்தில் நானா முதலில் கொன்ட்ரோலரைத் தொடவே இல்லை. என் கையைத்தான் பார்த்தார். மேசைமேல் வைக்கச் சொன்னார், இடமும் வலமும் அசைக்கச் சொன்னார், ஒரு மரக்கட்டையைத் தள்ளச் சொன்னார். கட்டைவிரல் அசையாவிட்டாலும் முழுக் கையும் மணிக்கட்டோடு சேர்ந்து இரண்டு பக்கமும் நன்றாகத் தள்ளியது. ஆறு மாதமாக நான் விரலையே கவனித்துக்கொண்டிருந்ததில் கையைக் கவனிக்கவில்லை.

மடியில் வைக்கும் சரிவுப் பலகை ஒன்றை வெட்டினார். கொன்ட்ரோலர் ஆடாமல் உட்காரும்படி அதில் குழி தோண்டினார். குமிழுக்கு மேலே மாட்ட, மரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் கடைந்தார். உள்ளங்கையின் மேட்டை அந்தக் கிண்ணத்தில் வைத்துத் தள்ளினால் குமிழ் திரும்ப வேண்டும். முதல் கிண்ணம் உயரம் கூடி, சும்மா தொட்டாலே கடைசி வரை சாய்ந்தது. இரண்டாவது வழுக்கிக் கழன்று விழுந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே ரப்பர் வைத்தால் பிடிக்கும் என்றார். நானா வாசலில் கிடந்த பழைய ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து வெட்டினார். அது யாருடைய செருப்பு என்று அவருடைய மனைவி பிறகு வந்து விசாரித்தார். மூன்றாவது கிண்ணம் கழலவில்லை.

கூலி எடுக்க மறுத்துவிட்டார். கழிவுப் பலகைக்கு யாரும் காசு வாங்குவார்களா என்றார். நான் அவருடைய வேலைத்தலத்துக்கு ஒரு விசிட்டிங் கார்ட் செய்து கொடுத்தேன். தமிழ், சிங்களம், இங்கிலீஸ் மூன்றிலும். நான் செய்த கார்டுகளில் எழுத்துக்கு எழுத்து அவ்வளவு நேரம் எடுத்தது வேறொன்றும் இல்லை. அதை மட்டும் சந்தோசமாக வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து முதல் ஓட்டத்தில் என் கார் பதினோரு தடவை சுவரில் மோதியது. ஆனால் திரும்பியது. மேலே அவருடைய கார் முன்போல மெதுவானது.

"நிக்காதீங்க. போங்க," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் போனார். அன்று ஒரு சுற்று முழுக்க என்னைப் பின்னால் விட்டு ஜெயித்தார். எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. அடுத்த மாதத்துக்குள் என்னை வளைவில் இடித்துத் தள்ளும் பழைய பழக்கமும் திரும்பிவிட்டது, திட்டுவதும் திரும்பிவிட்டது. ஒருநாள் சோறு அடிப்பிடித்தது. அடிப்பிடித்த சோற்றை நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்.

புதிய கொன்சோலை அறிவித்தபோது நான் வேலையில் இருந்தேன். பக்கத்துக் கதிரைப் பிள்ளைதான் போனில் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள். கொன்ட்ரோலரில் திரை இல்லை. டெப் மாதிரி எதுவும் இல்லை. வழக்கமான இரண்டு பிடி, வழக்கமான குமிழ், அதே பொத்தான்கள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கவலைப்படுவேனோ என்று. நான் படத்தைப் பெரிதாக்கி, இடது குமிழ் எந்த உயரத்தில் இருக்கிறது என்றுதான் பார்த்தேன். அவள் நானாவுக்குப் படத்தை அனுப்பினாள். கிண்ணம் இதற்கும் பொருந்தும், குழியை மட்டும் கொஞ்சம் அகலிக்க வேண்டும் என்று அவர் பதில் அனுப்பினார். நாங்கள் புதியது வாங்கப் போவதில்லை என்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

தமிழில் விளக்கம் சொன்ன அந்த மனிதர் அன்று பின்னேரம் ஒரு வீடியோ போட்டார். தான் சொன்னது தவறு என்று ஒத்துக்கொண்டார். கீழே அவரைக் கேலி செய்து எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். நான் அதுவரை எங்கேயும் கருத்து எழுதியதில்லை. அன்று எழுதினேன். கை முறிந்திருந்த காலத்தில் உங்கள் வீடியோக்களைப் பார்த்துத்தான் தினமும் பயிற்சி செய்தேன், நீங்கள் சொன்னது வராவிட்டாலும் எனக்கு ஒரு வழி கிடைத்தது, நன்றி என்று எழுதி, பலகையின் படத்தையும் சேர்த்துப் போட்டேன். பொய்யான பேச்சுக்கு நன்றி சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு இல்லாவிட்டால் மட்டை இல்லை, மட்டை இல்லாவிட்டால் திகன இல்லை.

இரண்டு நாளில் ஒரு பெண் பதில் எழுதியிருந்தாள். மதுரைப் பக்கமாம். வாதம் வந்து ஒரு கை சரியாக வேலை செய்யாது, தம்பியோடு விளையாடுவது நின்றுபோய்விட்டது, பலகையின் அளவை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அளவு டேப்பைப் பிடிக்க, நான் நீளம், அகலம், சரிவு, குழி எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்க நானாவுக்குப் போன் எடுத்தேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, அளவை இப்போது அனுப்ப வேண்டாம் என்றார். அது என் கைக்கு வெட்டியது, மற்றவர் கைக்கு உதவாது.

"அந்தப் புள்ளைக்கு எந்தக் கை ஏலாது? அவட கைய மேசையில வச்சி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க," என்றார். "பக்கத்துல அளக்கிற அடிமட்டம் ஒண்டையும் வைக்கச் சொல்லுங்க."

நானா கேட்டதை அப்படியே அவளுக்கு எழுதி அனுப்பினேன். படம் மறுநாள் வந்தது. வலது கை. பக்கத்தில், சரியாக நேராக, ஒரு பாடசாலை அடிமட்டம்.